பயணத்தில் இருப்பவர்கள்

ஜூன் 4

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகிற எல்லாக் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். நீ வருத்தப்படுவாய் என்று எதையும் விழுங்கமாட்டேன். அப்பாவுக்குப் பிடிக்காது என்று எதையும் பூசி மெழுகமாட்டேன். எங்கள் பேச்சுப்போட்டி டீச்சர், "சாட்சி சொல்றவங்க நல்லவங்களா இருக்கணும்னு இல்ல, முழுசாச் சொன்னாப் போதும்" என்பார். அதை நான் பிடித்துக்கொண்டேன்.

ஏன் போன் செய்யவில்லை என்று கேட்பாய். நம் வீட்டில் இரண்டு அறைக்கும் நடுவே இருப்பது ஒரு திரைச்சீலைதான். நான் போனில் உன்னிடம் பேசினால் அந்தப் பக்கம் அப்பா பேப்பர் புரட்டுவதை நிறுத்திவிடுவார். அந்தச் சத்தம் நின்றுவிட்டால் எனக்கு எதுவும் பேச வராது.

விஷயம் இதுதான். அப்பாவின் குரல் கொஞ்ச நாளாகக் கரகரத்தது. பஸ் ஸ்டாண்டுப் புழுதி என்று சொல்லிக்கொண்டிருந்தார். மைக்கில் வண்டி அறிவிக்கும்போது நடுவில் இருமியதால் ஒரு பயணி புகார் கொடுத்த பிறகுதான் டாக்டரிடம் போனார். குரல்வளையில் கட்டி. குரல்வளையையே எடுத்துவிட வேண்டுமாம். உயிருக்கு ஆபத்து இருக்காது, ஆனால் பேச்சு வராது என்றார் டாக்டர். கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், அதன் வழியாகத்தான் மூச்சு. அப்பா கேட்டது ஒரே கேள்வி: "அதுவரைக்கும் பேசலாமா?" டாக்டர் சொன்னார், "எவ்வளவு குறைச்சுப் பேசுறீங்களோ அவ்வளவு நல்லது. கட்டி இருக்கிற இடம் அப்படி. திடீர்னு சுத்தமா அடைச்சுக்கலாம்."

இப்போது வீட்டில் அப்பா சைகையில் பேசுகிறார். "குளியலறையில் இருக்கும் பயணி உடனடியாக வெளியே வரவும்" என்று என்னை விரட்டுவாரே, அதற்குப் பதிலாகக் கதவைத் தட்டுகிறார். தட்டலிலும் ஓர் அறிவிப்புத் தோரணை இருக்கிறது.

நீ வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று பேசியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, இனிமேல் வழிபாட்டுக் கூடத்துக்கு வரமாட்டேன் என்றாய். அப்பா ஏதேதோ கேட்டார். நீ சொன்னாய்: "இத்தனை வருஷமா நீங்க காத்துலதான் பேசிட்டு இருக்கீங்கப்பா. பஸ் ஸ்டாண்டுலயாவது யாரோ கேக்குறாங்க." நீ பெட்டியை எடுத்தபோது அப்பா சொன்னார்: "போறவங்களைத் தடுக்கிறது என் வேலை இல்ல. எந்த நடைமேடைன்னு சொல்றதுதான் என் வேலை." இரண்டையும் எழுதிவிட்டேன். ஏனென்றால் நீங்கள் இருவரும் அடுத்தவர் சொன்னதை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்.

ஆனால் அப்பா உன்னை மறக்கவில்லை. கூடத்தில் வாரா வாரம் அப்பாதானே வழிபாட்டு வாசகம் வாசிக்கிறார்? வாசிப்பு முடிந்ததும் யார் யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லுவார் இல்லையா, அதில் கடைசியாக "என் மூத்த மகள்" என்பார். ஒரு வாரம்கூட விட்டதில்லை. உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்குக் குரல் இருக்கும்போதே ஒருமுறை வந்துவிட்டுப் போ.

உன்
கரையான்


ஜூன் 11

கரையானுக்கு,

புத்தகம் அரிக்கிறாய் என்று நான் வைத்த பெயரிலேயே இன்னும் கையெழுத்துப் போடுகிறாய். உன் கடிதத்தை மூக்குக்கண்ணாடிக் கடையில் வைத்துத்தான் படித்தேன். ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தேன், பாதியில் நிறுத்திவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோது அவர் பரிசோதனைக்கு நான் மாட்டிவிட்ட இரும்புச் சட்டத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தார், பாவம்.

கட்டி எவ்வளவு பெரிது? வேறு எங்காவது பரவியிருக்கிறதா? அறுவை சிகிச்சைக்குப் பிறகு கழுத்துத் துளையில் வைக்கிற குழாயை யார் சுத்தம் செய்வது? அம்மா இதையெல்லாம் கேட்டாளா, இல்லை டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்தாளா? கேட்டு எழுது.

மேலாளரிடம் விடுப்பு கேட்டிருக்கிறேன். மாதக் கடைசியில் வரப் பார்க்கிறேன். அப்பாவிடம் இப்போதே சொல்லாதே.

ஒன்று கேட்க வேண்டும். கூடத்தில் மூன்று வரிசையாகத்தான் சொல்லுவார்கள். நோயுற்றவர்கள், பயணத்தில் இருப்பவர்கள், விலகிப்போனவர்கள். எனக்கு நோய் எதுவும் இல்லை. அப்பா என்னை எந்த வரிசையில் சொல்கிறார்?

முழுசாகச் சொல்வேன் என்றாய். சொல்.

அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்கா,

மூன்றாவது வரிசையில்.

இதை எழுதிவிட்டு நெடுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். முதலில் சொன்ன சொல்லை முதல் வாரத்திலேயே மீறுவது சரியில்லை என்று பட்டது. ஆகவே எப்படிச் சொல்கிறார் என்பதையும் எழுதுகிறேன்.

நோயுற்றவர்களைச் சொல்லும்போது அப்பாவின் குரல் மருந்துச்சீட்டு வாசிப்பதுபோல் இருக்கும். பயணிகளைச் சொல்லும்போது வேலை செய்கிற இடத்துக் குரல் தானாக வந்துவிடும், பின்வரிசையில் சிலர் சிரிப்பார்கள். மூன்றாவது வரிசைக்கு வரும்போது கையை மேடையின் மரவிளிம்பில் வைத்துக்கொள்வார். கூடத்துத் தலைவரின் மகனைச் சொல்லுவார். இன்னும் இரண்டு மூன்று பேர். பிறகு "என் மூத்த மகள்." அதைச் சொல்லும்போது யாரையும் பார்க்கமாட்டார். எல்லோரும் தலை குனிவார்கள். அம்மா மட்டும் குனியமாட்டாள், எதிர்ச்சுவரில் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கட்டி வேறு எங்கும் பரவவில்லை. அம்மா நிஜமாகவே தலையாட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். நான் தனியாகப் போய் நர்ஸிடம் கேட்டேன். குழாய் சுத்தம் செய்வதை நம் வீட்டில் ஒருவருக்குச் சொல்லித்தருவார்களாம். நான் கற்றுக்கொள்கிறேன்.

கரையான்


ஜூன் 20

கரையானுக்கு,

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. நீ பொய் சொல்லியிருந்தால் இந்த வாரம் நன்றாகப் போயிருக்கும்.

விடுப்பு வேண்டாம் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன்.

நான் என்ன கேட்கிறேன் என்பது உனக்குச் சரியாகப் புரிய வேண்டும். அப்பா நம்புவதை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்காக வேண்டிக்கொள்ளக் கூடாது என்றுகூடச் சொல்லவில்லை. அவர் மனசுக்குள் என்ன வேண்டினாலும் அது அவருடையது. ஆனால் நான் யாருக்கெல்லாம் பாலும் பேப்பரும் வாங்கிக்கொடுத்தேனோ, யார் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தேனோ, அத்தனை பேர் முன்னாலும் வாரா வாரம் என்னைக் காணாமல் போன சாமான் மாதிரி அறிவிக்கிறார். நான் யோசித்துத்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். அழுது, தூங்காமல், மூன்று வருடம் யோசித்தேன். அதைக் கூடத்தில் ஒரு நோயோடு சேர்த்துச் சொல்கிறார்கள்.

கடையில் நாள் முழுக்க "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கிறேன். ஒருவர் இரண்டாவது கண்ணாடிதான் தெளிவு என்றால், "இல்லை, உனக்கு முதலாவதுதான் தெளிவு" என்று நான் சண்டை போடுவதில்லை. கண் அவருடையது.

அந்த வரிசையிலிருந்து என்னை எடுத்தால் வருகிறேன். இல்லாவிட்டால் அந்த ஊர்த் தெருவில் என்னால் நடக்க முடியாது.

இதை அப்பாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம்.

அக்கா


ஜூன் 26

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன்.

எங்கள் டீச்சர் ஒரு விதி வைத்திருக்கிறார். எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்பதை, எதிர்த்தரப்பே "ஆமாம், அதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் நீ சொல்லிக்காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மறுத்துப் பேசலாம். போட்டியில் இந்த விதியால் எங்களுக்கு நேரம் போதாமல் தோற்றுப்போனோம். ஆனால் வீட்டில் யாரும் மணி அடிக்கப் போவதில்லையே என்று தோன்றியது.

வெந்நீர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அப்பாவின் அறை அப்படியேதான் இருக்கிறது. கண்ணாடி ஜன்னல், அதில் தலை எண்ணெய்க் கறை, மைக்கில் இரைச்சல் விழும் என்று நிறுத்திவைத்த மின்விசிறி. வேலையை விடச் சொல்லிவிட்டார்கள், ஆனாலும் மாற்று ஆள் வரும்வரை போகிறார். ஒவ்வோர் அறிவிப்புக்கும் முன்னால் ஒரு மடக்கு வெந்நீர்.

"அக்கா எழுதியிருக்காப்பா."

"ம்."

"அவ என்ன சொல்றான்னு நீங்க சொல்லுங்க. சரியான்னு நான் சொல்றேன்."

பிளாஸ்க் மூடியைத் திருகினார். "கடவுள் இல்லைங்கிறா. வேற என்ன?"

"இல்லப்பா. அதைப் பத்தி அவ எழுதவே இல்ல. நாலு பேர் முன்னாடி என்னைத் தொலைஞ்சுபோனவன்னு சொல்லாதீங்கங்கிறா."

"நான் தொலைஞ்சவன்னு சொல்லலையே. விலகினவன்னுதானே சொல்றேன்."

"அவளுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்காம்."

மைக்கை அழுத்தி, நான்காம் நடைமேடை வண்டி தாமதம் என்று சொன்னார். பாதியில் குரல் உடைந்தது. கீழே ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். அப்பா பொத்தானை விட்டார்.

"அந்த வரிசைல இருந்து ஒருத்தரை எப்ப எடுப்பாங்கன்னு உனக்குத் தெரியும்ல? திரும்பி வந்தா எடுப்பாங்க. செத்துப் போனா எடுப்பாங்க. இல்லேன்னா, வீட்டுக்காரங்களே போதும்னு கைவிட்டா எடுப்பாங்க. அவ வரல. நல்லா இருக்கா. அப்போ நான் எடுத்தா என்னம்மா அர்த்தம்?"

அதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

ஜூலை ஒன்பதாம் தேதி அறுவை. அதற்கு முன்னால் நான்காம் தேதிக் கூட்டம்தான் கடைசி. அப்பா அன்றைக்கு வாசிக்கவே கூடாது என்கிறார் டாக்டர்.

நான் எந்தப் பக்கம் என்று நீங்கள் இருவருமே இதுவரை என்னைக் கேட்கவில்லை. கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. கூடத்தில் கண்ணை மூடினால் சில நாள் ஏதோ இருப்பதுபோல் இருக்கிறது. சில நாள் வெறும் இமைதான் இருக்கிறது.

கரையான்


ஜூலை 1

கரையானுக்கு,

உன் டீச்சரின் விதி பெரிய தொந்தரவு. மூன்று நாளாக முயற்சி செய்தேன். முதல் இரண்டு தடவையும் அப்பாவைக் கேலி செய்கிற மாதிரியே எழுத வந்தது, கிழித்துப் போட்டேன். மூன்றாவது இது. அவரிடம் காட்டி, சரியா என்று கேள்.

"அப்பா என்ன சொல்கிறார் என்றால்: என் மகளைப் பற்றி வாய்விட்டுச் சொல்ல எனக்கு வேறு இடம் இல்லை. வீட்டில் சொன்னால் அவள் அம்மாவின் முகம் மாறிவிடும். வேலையிடத்தில் சொல்ல முடியாது. வாரத்தில் ஒரு மாலை, அந்தக் கூடத்தில் நான் அவளைச் சொல்லும்போது ஒரு கூட்டமே என்னோடு சேர்ந்து தலை குனிகிறது. அது அவளை அவமானப்படுத்த இல்லை. எனக்கு அவள் இன்னும் இருக்கிறாள் என்று காட்ட. அதையும் எடுத்துவிட்டால் என் கையில் எதுவும் மிஞ்சாது."

இதுதான் அவர் சொல்வது என்றால் எனக்குப் புரிகிறது. புரிவதும் ஒத்துக்கொள்வதும் வேறு வேறு. புரிந்த பிறகும் நான் விலகிப்போனவள் இல்லை. நான் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறேன்.

காற்றில் பேசுகிறீர்கள் என்று நான் சொன்னது அநியாயம். அவர் நம்புவது தவறு என்று நினைக்க எனக்கு உரிமை உண்டு. அதை அவர் தொழிலோடு சேர்த்து அப்படிக் குத்தியிருக்க வேண்டாம். இதையும் சொல்லிவிடு.

குரல் போன பிறகு போனால் சண்டையே வராது என்று நேற்று விடுதியில் ஒருத்தியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். சொல்லிவிட்டுச் சாப்பிட முடியவில்லை.

அக்கா


ஜூலை 5

அன்புள்ள அக்கா,

உடனே வா. ஏன் என்று வரிசையாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அப்பா கையை நீட்டி எட்டத்தில் பிடித்துக்கொண்டு படித்தார். (கண்ணாடி மாற்ற வேண்டும். நீதான் பார்க்க வேண்டும்.) இரண்டு தரம் படித்தார். பிறகு, "'எதுவும்'னு எழுதியிருக்கா பாரு, அந்த ஒரு வார்த்தை ஜாஸ்தி. நீ இருக்கே, உங்கம்மா இருக்கா. மத்தபடி இதுதான்" என்றார். காற்றில் பேசுவது பற்றி நீ எழுதியதையும் சொன்னேன். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நேற்று மாலை அவர் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்ததும் அம்மா தையல் மெஷினை நிறுத்தினாள்.

"எங்க?"

கூடம் இருக்கிற திசையைக் காட்டினார்.

"டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா? போறதுன்னா போங்க, வாயைத் திறக்காம உக்காந்துட்டு வாங்க. கூடத்துக்கு வர்ற அந்தப் பல் டாக்டர் வாசிக்கட்டும்."

அப்பா மெதுவாக, "அவர் எல்லாரும் வாயைத் தொறந்து வெச்சிருக்காங்க, யாரும் பதில் பேசமாட்டாங்கங்கிற நினைப்புல பேசுவாரு" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகவே அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. ஆனால் எழுந்து அவருடைய காலரைச் சரிசெய்துவிட்டாள்.

அவர்தான் வாசித்தார். குரல் என்று சொல்ல முடியாது, ஈரத்துணியைக் கிழிப்பதுபோல் இருந்தது. கூடத்தில் ஒருவர்கூட இருமவில்லை. நோயுற்றவர்களைச் சொன்னார். தன்னைச் சொல்லவில்லை, கூட்டத்திலிருந்து யாரோ "வாசிப்பவர்" என்று சேர்த்துச் சொன்னார்கள். பிறகு பயணத்தில் இருப்பவர்கள். கப்பலில் வேலை செய்கிற ஒருவர், படிக்கப் போன ஒரு பெண், லாரி ஓட்டுநர். அங்கே வழக்கமாக மூச்சு வாங்குவார். மூச்சு வாங்கிவிட்டு, "என் மூத்த மகள்" என்றார்.

அக்கா, பயணத்தில் இருப்பவர்களோடு சொன்னார்.

கூடத்துத் தலைவர் சட்டென்று நிமிர்ந்தார். பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அம்மா முதல்தடவையாகக் கடிகாரத்தைப் பார்க்காமல் தலை குனிந்தாள். மூன்றாவது வரிசையில் தலைவரின் மகனையும் மற்றவர்களையும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

திரும்பி நடக்கும்போது என் தோளைப் பிடித்து நிறுத்திச் சொன்னார். காதருகே குனிந்துதான் கேட்க முடிந்தது. "அவ எங்க போறான்னு எனக்குத் தெரியல. அவ தப்பான வண்டில ஏறிட்டான்னுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனா ஏறினவ பயணிதானே."

இன்று காலையிலிருந்து அந்தக் குரலும் இல்லை. வாயைத் திறக்கிறார், காற்று மட்டும் வருகிறது. டாக்டர் திட்டினார். அறுவை ஒன்பதாம் தேதிதான், அதில் மாற்றம் இல்லை.

மிச்சமிருந்ததை அவர் இதற்குத்தான் செலவழித்தார். வா.

கரையான்


ஜூலை 18

கரையானுக்கு,

விடுதிக்குத் திரும்பிவிட்டேன். ஆஸ்பத்திரியில் உன்னோடு உட்கார்ந்து பேசவே முடியவில்லை, நீ பரீட்சைக்கும் வார்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாய். குழாயைச் சுத்தம் செய்யும்போது உன் கை நடுங்கவில்லை. பார்த்தேன்.

நீ முழுசாக எழுதுகிறாய், நானும் எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். அறுவைக்கு முந்தின நாள் அது. அப்பாவிடம் கொடு என்றேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. "அப்பா, நான்தான்" என்றேன். இன்னும் கொஞ்சம் மூச்சு. நான் வந்து சேர்ந்தபோது அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். என் வண்டி தாமதம். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் இப்போது ஏதோ பதிவுசெய்த குரல், எல்லா ஊரையும் ஒரே மாதிரி சொல்கிறது.

நீ கணக்குப் பரீட்சைக்குப் போயிருந்த காலையில், அம்மா மருந்து வாங்கப் போனபோது, நாங்கள் இருவரும் தனியாக இருந்தோம். அம்மா வாங்கி வைத்திருந்த குழந்தைகள் சிலேட்டில் "சாப்டியா" என்று எழுதினார். தலையாட்டினேன். பிறகு "கோபமா" என்று எழுதினார்.

ஆமாம் என்று சொல்லாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். உடம்பு முடியாத மனிதர். ஆனால் எனக்காகக் குரலைச் செலவழித்தவரிடம் பொய் சொல்வது அதைவிடக் கேவலம் என்று பட்டது. சொன்னேன்: "நீங்க வரிசை மாத்தினது எனக்குப் பெருசுப்பா. ஆனா பயணம்னா ஒரு இடத்துல வந்து சேரணும். நீங்க நினைக்கிற இடத்துக்கு நான் வரப்போறதில்ல. வருவேன்னு நம்ப வெச்சுட்டுப் போக எனக்கு மனசு வரல."

அவர் எழுத ஆரம்பித்தார். அழித்தார். மறுபடி எழுதினார். நான் காத்திருந்தேன். யோசித்துப் பார், அப்பாவும் நானும் பேசும்போது ஒருவர் முடிக்கும்வரை ஒருவர் காத்திருந்தது அதுதான் முதல்தடவை. சிலேட்டைத் திருப்பிக் காட்டினார்: "தாமதம் என்று அறிவிப்பேன். ரத்து என்று அறிவிக்க மாட்டேன்."

சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "அது என் வண்டிப்பா. எங்க போகுதுன்னு நான்தான் சொல்லணும்" என்றேன்.

"சரி" என்று எழுதினார். அதற்குக் கீழே, "ஆனால் மைக் என்னிடம்" என்று எழுதினார். எழுதிவிட்டுத் தானே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சட்டைக் கையால் அழித்தார்.

பிறகு அவருடைய கண்ணைப் பரிசோதித்தேன், சுவரில் இருந்த காலண்டரை வைத்து. கண்ணாடி அனுப்புகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். நான் கடைசியாகக் கேட்ட அப்பாவின் குரல் அந்த நடைமேடை வாக்கியம்தான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. யாரிடமாவது, எதிலாவது, அவர் பேசியது பதிவாகி இருக்கிறதா? எதைப் பற்றிப் பேசியதாக இருந்தாலும் சரி.

அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்கா,

கண்ணாடி வந்தது. அப்பா அதைப் போட்டுக்கொண்டு நம் வீட்டுக் கூரையில் ஒட்டடை இருப்பதைக் கண்டுபிடித்துச் சிலேட்டில் எழுதிக் காட்டினார். அம்மா உன்னைத் திட்டினாள்.

குரலைத் தேடினேன். பஸ் ஸ்டாண்டில் எதையும் பதிவு செய்ததில்லையாம். கூடத்தில் பதிவு செய்ய அப்பாவே விட்டதில்லை. அம்மாவின் போனில் ஒன்றே ஒன்று இருக்கிறது. "குளியலறை பல்பு போயிடுச்சு. வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வா. மறந்துட்டு அப்புறம் என்னைச் சொல்லாத." அவ்வளவுதான். அதை உனக்கு அனுப்பும்படி அம்மாவிடம் சொன்னேன். அனுப்புவதற்கு முன்னால் அவள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள், எந்த பல்பு என்று மறந்துவிட்டவள்போல.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று நேற்று இரவு முழுக்க யோசித்தேன். முதல் கடிதத்தில் சொன்னதற்காக எழுதுகிறேன்.

நேற்று அப்பா மறுபடி கூடத்துக்கு வந்தார், கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு. இனிமேல் பல் டாக்டர்தான் வாசிப்பவர். ஆரம்பிப்பதற்கு முன்னால் அப்பா அவரிடம் சிலேட்டை நீட்டினார். "மூத்த மகள். பயணம்." பல் டாக்டர் தலைவரைப் பார்த்தார்.

தலைவர் கோபமாகப் பேசவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். "அன்னைக்கு நீங்க சொன்னப்போ நான் ஒண்ணும் சொல்லல. உங்க நிலைமை அப்படி. ஆனா இதை வழக்கமா ஆக்க வேண்டாம். என் பையனும் அந்த வரிசைலதான் இருக்கான். ஒவ்வொரு வாரமும் எனக்கும்தான் வலிக்குது. நான் மாத்தினேனா?"

அப்பாவிடம் அதற்குப் பதில் இருந்திருக்கும். எழுத நேரம் இல்லை, எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

பல் டாக்டர் நன்றாகவே வாசித்தார். பயணத்தில் இருப்பவர்கள் வரிசையில் நீ இல்லை. மூன்றாவது வரிசைக்கு வந்தார். தலைவரின் மகனைச் சொன்னார், மற்றவர்களைச் சொன்னார், பிறகு நின்று அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். கழுத்துத் துணி உள்ளே போய் வெளியே வந்தது. அப்பா எழுந்தால் பேசுவார் என்று பழகிப்போனவர்கள் எல்லோரும், பேசுவார் என்றே காத்திருந்தார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. நானும் எழுந்து, "எங்க அக்கா பயணத்துல இருக்கா" என்றேன். பேச்சுப்போட்டியில் வருகிற குரல் வரவில்லை. ஆனால் கேட்டது.

பல் டாக்டர் என்னைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். நல்ல மனிதர், அக்கா. யார் மனதும் புண்படக் கூடாது என்று நினைத்தார். உன்னை எந்த வரிசையிலும் சொல்லாமல், முடிவு வாசகத்துக்குப் போய்விட்டார். தலைவர் எனக்கு மரியாதையாகத் தலையசைத்தார். யாரும் முணுமுணுக்கவில்லை. எல்லோருக்கும் அது சமாதானமாக இருந்தது.

நீ கேட்டது நடந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் இனி நீ இல்லை. எந்த வரிசையிலும் இல்லை. அப்படி எடுப்பதற்கு அங்கே என்ன அர்த்தம் என்று அப்பா பஸ் ஸ்டாண்டில் சொன்னதை உனக்கு எழுதியிருக்கிறேன், மறுபடி எழுதவில்லை. நான் எழுந்திராமல் இருந்திருந்தால் உன்னை ஏதாவது ஒன்றிலாவது சொல்லியிருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

எல்லோரும் போன பிறகும் அப்பா உட்கார்ந்தே இருந்தார். அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நான் அவரைக் கூப்பிடப் போனேன். அவர் கையை முன் பெஞ்சின் மரவிளிம்பில் வைத்திருந்தார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. முதல் வரிசையிலிருந்து தானே சொல்லிக்கொண்டிருந்தார், ஒருவரையும் விடாமல். சத்தமில்லாமல் பார்த்தால் உதடு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் அசைகிறது, ஆனால் "மூத்த மகள்" எனக்குத் தெரிந்தது. அது தெளிவாகத் தெரிந்தது.

அதை எந்த வரிசையில் சொன்னார் என்றுதானே கேட்பாய். பயணத்தில் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரியாது. நான் குனிந்து பார்ப்பதற்குள் கூடத்தில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

கரையான்